இரண்டாவது குழந்தை வருகிறது: இரட்டை இருக்கை வண்டி வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு இரண்டு வயது நான்கு மாதம் ஆகிறது. இன்னும் மூன்று மாதத்தில் இரண்டாவது குழந்தை பிறக்கப்போகிறது. முதல் பிரசவம் சிசேரியன். இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். குரோம்பேட்டையில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். கணவர் காலையில் ஸ்கூட்டரில் வேலைக்குக் கிளம்பினால் இரவுதான் திரும்புவார். பகலில் நானும் மாமியாரும்தான். அவருக்கு மூட்டுவலி. கடையில் இரண்டு இருக்கைகள் பக்கவாட்டில் உள்ள ஸ்ட்ரோலரை (குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டி) காட்டி, "இரண்டு குழந்தைக்கும் இதுதான் சரிப்படும்" என்கிறார்கள். விலை 18,000 ரூபாய். சிங்கப்பூரில் இருக்கும் என் நாத்தனார், தன் பிள்ளைக்கு வாங்கிய பெரிய பிராமை (குழந்தையைப் படுக்கவைத்துத் தள்ளும் கனமான வண்டி) அனுப்பி வைக்கிறேன் என்கிறார். மகளுக்கு வாங்கிய சின்ன வண்டி ஒன்று பரண்மேல் கிடக்கிறது. "நாங்களெல்லாம் இடுப்பில் தூக்கித்தானே வளர்த்தோம், வண்டி எதற்கு?" என்று மாமியார் கேட்கிறார். எனக்கு எது சரி என்றே தெரியவில்லை. வழி சொல்லுங்கள்.
— வாசகி, குரோம்பேட்டை

பதில் அளிப்பவர்: குழந்தைகளுக்கான இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்)

அன்புள்ள சகோதரிக்கு,

இரட்டை இருக்கை வண்டியை வாங்காதீர்கள். சிங்கப்பூர் பிராமும் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. பரண்மேல் கிடப்பதை முதலில் கீழே இறக்கிப் பாருங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால், எடை குறைந்த, முதுகுப் பகுதி நன்றாகப் படுக்கும் ஒற்றை இருக்கை வண்டியாக வாங்குங்கள். அதையும் குழந்தை பிறந்த பிறகு, நிதானமாக வாங்கினால் போதும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், கடைக்காரர் உங்கள் வீட்டில் எத்தனை குழந்தைகள் என்று எண்ணி வண்டியைக் காட்டியிருக்கிறார். நான் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எண்ணியது படிகளை. இரண்டாவது மாடி என்றால் முப்பதுக்கும் மேற்பட்ட படிகள். அவற்றில் வண்டியை யார் தூக்கி ஏற்றப்போகிறார்கள்? கணவர் வீட்டில் இல்லை. மாமியாருக்கு மூட்டுவலி. மிஞ்சுவது நீங்கள், அதுவும் வயிற்றில் தையல் போட்ட உடம்போடு.

சிசேரியனுக்குப் பிறகு சுமார் ஆறு வாரங்களுக்கு, பிறந்த குழந்தையின் எடையைவிட அதிகமான எதையும் தூக்க வேண்டாம் என்பதுதான் பொதுவாகத் தரப்படும் அறிவுரை. மேல்தோலில் தையல் ஆறிவிட்டதைப் பார்த்துப் பலரும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளே கருப்பையிலும் வயிற்றுச் சுவரின் அடுக்குகளிலும் போட்ட தையல் ஆறுவதற்கு அதைவிட அதிக நாள் பிடிக்கும். இரண்டாவது முறை அதே இடத்தில் அறுவை என்றால் இன்னும் கவனம் வேண்டும். பிறந்த குழந்தை ஏறக்குறைய 3 கிலோ. நல்ல இரட்டை இருக்கை வண்டி காலியாகவே 12 முதல் 15 கிலோ இருக்கும். உங்கள் மகளும் இப்போது 12 கிலோவை ஒட்டி இருப்பாள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அந்த 18,000 ரூபாய் வண்டி படிக்கட்டின் அடியில் தூசி படிந்து நிற்கும், அல்லது அதைத் தூக்கி உங்களுக்கு வலி வரும். இரண்டும் எனக்குச் சம்மதமில்லை.

இது புதிய பிரச்சினை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஓவன் மக்ளாரன் என்ற விமானப் பொறியாளர், ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் தரையிறங்கும் சக்கர அமைப்பில் வேலை செய்தவர், வெளிநாட்டிலிருந்து வந்த தன் மகள் கனமான பிராமோடு படும் பாட்டைப் பார்த்துத்தான் 1965இல் குடைபோல மடியும் வண்டியை வடிவமைத்தார். அது 3 கிலோகூட இல்லை. இன்று கடைகளில் நீங்கள் பார்க்கும் மடக்கு வண்டிகள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். அந்த வண்டி பிறந்ததே தூக்கிச் சுமக்கும் தாய்க்காக. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் நம் கடைகளில் குழந்தையின் வசதியை மட்டும் பேசி விற்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இரட்டை இருக்கை உங்களுக்கு ஏன் ஒத்துவராது என்பதற்கு எடை மட்டும் காரணமில்லை. பக்கவாட்டு இரட்டை வண்டிகள் பொதுவாக 70 முதல் 80 சென்டிமீட்டர் அகலம். உங்கள் தெரு நடைபாதையை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மின்வாரியப் பெட்டி, இன்னொரு பக்கம் நிறுத்திவைத்த பைக், நடுவில் சற்றே உயர்ந்து நிற்கும் வடிகால் மூடி. ஒற்றை வண்டியே அங்கே வளைந்து வளைந்துதான் போக வேண்டும். அகலமான வண்டியை நடைபாதையிலிருந்து சாலைக்கு இறக்கித்தான் ஓட்டுவீர்கள். பேருந்தும் ஆட்டோவும் உரசிக்கொண்டு போகிற பக்கத்தில் உங்கள் இரு பிள்ளைகளும் இருப்பார்கள்.

எடைச் சமன் இன்னொரு சிக்கல். ஒரு இருக்கையில் 13 கிலோ, மற்றொன்றில் 4 கிலோ. வண்டி கனமான பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். அதை நேராக வைத்திருக்க உங்கள் ஒரு மணிக்கட்டு இடைவிடாமல் முறுக்கிக்கொண்டே இருக்கும். பிரசவமான தாய்மார்களுக்குக் கட்டைவிரலின் அடிப்பகுதியில், மணிக்கட்டுப் பக்கம் ஒரு வலி வருவது மிகவும் சாதாரணம். குழந்தையை அக்குளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கித் தூக்கி அங்குள்ள தசைநார்கள் வீங்கிவிடும். என்னிடம் வரும் இளம் தாய்மார் பலர் இதற்காகத்தான் வருகிறார்கள். அந்தக் கைக்கு மேலும் வேலை வைக்க வேண்டாம்.

அதோடு, அந்த இரண்டாவது இருக்கை எத்தனை மாதம் உதவும்? தம்பியோ தங்கையோ பிறக்கும்போது உங்கள் மகளுக்கு இரண்டு வயது ஏழு மாதம் இருக்கும். நீங்கள் உடம்பு தேறி வெளியே நடமாடத் தொடங்கும்போது அவள் மூன்றை எட்டிப்பிடிப்பாள். மூன்று வயதுக் குழந்தை நடக்க வேண்டும். தெருவில் கல்லையும் நாயையும் பார்த்துக்கொண்டு, நின்று நின்று, மெதுவாக நடக்க வேண்டும். அந்த நடையில்தான் அவளுடைய கால் தசைகளும் சமநிலையும் உறுதிப்படுகின்றன. உங்களுக்கு நேரமாகும், உண்மைதான். கால் கிலோமீட்டர் போக இருபது நிமிடம் பிடித்தாலும் விட்டுவிடுங்கள்.

இரட்டைக் குழந்தைகள் பெற்றவர்களும், இரு குழந்தைகளுக்கும் இடையே ஒன்றரை வயதுக்கும் குறைவான இடைவெளி உள்ளவர்களும் இதைப் படித்துவிட்டுக் குழம்ப வேண்டாம். உங்களுக்கு இரட்டை வண்டி தேவைதான். லிஃப்ட் இருந்து, வளாகத்துக்குள்ளேயே நடக்க இடமும் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். இரு இருக்கைகளும் தனித்தனியே முழுதாகப் படுக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்பின்னாக இருக்கை உள்ள வண்டி வாசலில் எளிதாக நுழையும், ஆனால் நீளம் அதிகம் என்பதால் திருப்புவதும் மேடு ஏற்றுவதும் கடினம். வாங்குவதற்கு முன் லிஃப்டின் கதவு அகலத்தையும் உள் ஆழத்தையும் டேப் வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

மீண்டும் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். குழந்தை பிறந்த முதல் மூன்று மாதங்களில் வெளியே எங்கே போகப்போகிறீர்கள் என்று யோசியுங்கள். ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத் தடுப்பூசிகள், நடுவில் டாக்டரிடம் ஒரு முறையோ இரு முறையோ. அதற்கெல்லாம் ஆட்டோவோ காரோதான். வண்டிக்கு அங்கே வேலையே இல்லை. ஆகவே "பிள்ளை பிறப்பதற்குள் வாங்கிவிட வேண்டும்" என்ற அவசரம் தேவையில்லை. மூன்றாவது நான்காவது மாதத்தில், உங்கள் உடம்பின் தெம்பையும் குழந்தையின் சுபாவத்தையும் பார்த்துக்கொண்டு வாங்கலாம். அதற்குள் கணவரும் ஒரு சனிக்கிழமை உங்களோடு கடைக்கு வர முடியும்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது முதுகுச் சாய்மானம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கழுத்து முழுமையாக நிற்காது. நிமிர்ந்த இருக்கையில் உட்காரவைத்தால் தலை முன்னால் கவிழ்ந்து மோவாய் நெஞ்சில் படியும். மூச்சுக்குழாய் சிறியது, மென்மையானது. அந்த நிலையில் அது நெருக்கப்படும். குழந்தை அழக்கூட அழாது, தூங்குவதுபோலவே இருக்கும். அதனால்தான் இதை நான் பயத்தோடு சொல்கிறேன். பிறந்த குழந்தைக்கான வண்டியில் இருக்கைக்கும் முதுகுப் பகுதிக்கும் இடையிலான கோணம் குறைந்தது 150 டிகிரி இருக்க வேண்டும் என்பது ஐரோப்பியத் தரவிதியான இ.என் 1888 வைத்திருக்கும் அளவு. கடையில் டிகிரி பார்க்க முடியாது. முதுகுப் பகுதியை முழுதாக இறக்கிவிட்டு ஒரு தண்ணீர் பாட்டிலை அதன்மேல் நீளவாக்கில் படுக்கவையுங்கள். இருக்கைப் பக்கம் வேகமாகச் சரிந்து ஓடினால் அது போதுமான அளவு படுக்கவில்லை. பிறந்த குழந்தைக்கும் ஏற்றது என்று காட்டப் பெட்டியில் "0+" என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். வண்டியின் சட்டத்தில் ஒட்டிய சீட்டில் இ.என் 1888 அல்லது அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.டி.எம் எஃப் 833 என்று இருக்கிறதா என்று தேடுங்கள். எத்தனை கிலோ வரை தாங்கும் என்பதும் அங்கேயே இருக்கும்.

பெல்ட் ஐந்து முனை கொண்டதாக இருக்க வேண்டும். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று. இடுப்பை மட்டும் சுற்றும் பெல்ட் போதாது. ஒரு வேகத்தடையில் முன் சக்கரம் முட்டி நின்றால் குழந்தை முன்னால் எகிறிவிடும். போட்ட பிறகு தோள்பட்டைக்கும் பெல்ட்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவு இறுக்கம் இருக்கட்டும்.

சக்கரத்தில்தான் நம் ஊர்க் கடைகள் அதிகம் ஏமாற்றுகின்றன என்பேன். கடையின் டைல்ஸ் தரையில் எல்லா வண்டியும் வழுக்கிக்கொண்டு போகும். சிறிய, கெட்டியான பிளாஸ்டிக் சக்கரம் நம் தெருவில் ஒவ்வொரு ஜல்லியையும் குழந்தையின் முதுகெலும்புக்குச் சொல்லிவிடும். பெரிய காற்றடைத்த சக்கரம் மேடு பள்ளத்தை விழுங்கும், ஆனால் பஞ்சர் ஆகும், எடையும் கூடும். உங்களுக்கு ஏற்றது நடுவில் உள்ளது: அழுத்தினால் சற்றே அமுங்கும் நுரைரப்பர் சக்கரம், குறுக்களவு ஆறு அங்குலத்துக்குக் குறையாமல், முன் சக்கரங்கள் சுழலவும் வேண்டும், கரடுமுரடான இடத்தில் நேராகப் பூட்டிக்கொள்ளவும் வேண்டும். பூட்டாமல் சரளைக் கல்லில் தள்ளினால் அவை படபடவென்று ஆடி வண்டியையே திருப்பிவிடும்.

நடைபாதை விளிம்பில் ஏற்றுவதையும் இறக்குவதையும் பழகிக்கொள்ளுங்கள். ஏற்றும்போது கைப்பிடியைக் கீழே அழுத்தி, ஒரு காலால் பின் அச்சை மிதித்து, முன் சக்கரங்களைத் தூக்கி மேலே வைத்து, பிறகு உடம்பின் எடையால் தள்ளுங்கள். இறக்கும்போது வண்டியைத் திருப்பிக்கொண்டு, நீங்கள் முதலில் இறங்கி, பின் சக்கரங்களை மெதுவாக உங்களை நோக்கி இறக்குங்கள். முன்பக்கமாக இறக்கினால் குழந்தையின் முழு எடையும் பெல்ட்டில் தொங்கும். முதலில் காலி வண்டியில் பத்துக் கிலோ அரிசி மூட்டையை வைத்துக் கணவர் பழகட்டும். உங்களுக்கு அனுமதி கிடைத்த பிறகு நீங்கள் பழகலாம்.

கைப்பிடி உயரம் உங்கள் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, முழங்கை லேசாக மடிந்து மணிக்கட்டு நேராக இருக்கும்படி அமைய வேண்டும். தாழ்வான கைப்பிடி என்றால் கூன்போட்டு நடப்பீர்கள். பிரசவத்துக்குப் பிந்திய இடுப்புவலிக்கு அது நல்லதில்லை. கணவர் உயரமானவர் என்றால் ஏற்றி இறக்கும் வசதி உள்ளதாகப் பாருங்கள். கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டும் பழக்கம் மட்டும் வேண்டாம். குழந்தையைத் தூக்கிய கணமே வண்டி பின்னால் கவிழும். குழந்தை உள்ளே இருக்கும்போதுகூடக் கவிழலாம். பை வைப்பதற்குக் கீழே கூடை இருக்கிறது.

முடிந்தால் குழந்தையின் முகம் தள்ளுகிறவரைப் பார்க்கும்படி இருக்கையைத் திருப்பும் வசதியுள்ளதைத் தேர்ந்தெடுங்கள். ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் 2008இல் செய்த ஆய்வில், குழந்தை தங்களைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது பெற்றோர் அதனிடம் ஏறக்குறைய இரு மடங்கு அதிகமாகப் பேசினார்கள் என்று தெரிந்தது. எனக்கு இன்னொரு காரணமும் முக்கியம்: முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தலை கவிழ்ந்ததும், கொசு உட்கார்ந்ததும், வியர்த்ததும் உடனே கண்ணில் படும். திருப்பும் வசதி எடையைக் கூட்டும் என்றால், உங்கள் படிக்கட்டை நினைத்து எடை குறைந்ததையே எடுங்கள்.

வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். வண்டியின்மேல் துப்பட்டாவையோ பழைய வேட்டியையோ போர்த்திக்கொண்டு போவதை எங்கும் பார்க்கிறேன். நிழல் கிடைக்கும் என்று அன்பால் செய்கிறோம். ஆனால் உள்ளே காற்று நின்றுவிடுகிறது. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, உலர்ந்த மெல்லிய மஸ்லின் துணியைப் போர்த்தினாலே உள்வெப்பம் இரண்டரை டிகிரி அளவுக்குக் கூடியது. துணியை நனைத்து, கூடவே சிறு மின்விசிறியும் வைத்தபோது நாலரை டிகிரிக்கு மேல் குறைந்தது. சென்னையின் புழுக்கத்தில் ஈரம் ஆவியாவது மெதுவாகத்தான் நடக்கும், அதனால் இங்கே அதே அளவு குளிர்ச்சியை எதிர்பார்க்காதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் காலை எட்டு மணிக்குள் போய்த் திரும்பிவிடுவதுதான் வழி. நீளமான, நன்றாக முன்னால் வரும் மேற்கூரையும், முதுகுப் பக்கம் காற்றுப் புகும் வலையும் உள்ள வண்டியைப் பாருங்கள்.

அந்தக் காலை நேரத்தில்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவும் கடிக்கும். மாலையில் பொழுது சாய்வதற்கு முன்னும் கடிக்கும். ஆகவே வண்டிக்கு அளவான கொசுவலை கட்டாயம். துணியைப்போல அது காற்றை அடைக்காது. ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டித் தள்ளிக்கொண்டு போவதைத் தவிர்த்து உள்தெருக்களில் போங்கள். வண்டியில் இருக்கும் குழந்தையின் மூக்கு தரையிலிருந்து ஒரு மீட்டருக்கும் குறைவான உயரத்தில், வாகனப் புகைக்குழாய்க்கு நேராக இருக்கிறது. சிக்னலில் நிற்க நேர்ந்தால் வாகனங்களிலிருந்து நான்கடி பின்னால் நில்லுங்கள்.

இனி படிக்கட்டு. புது வண்டியும் சரி, பழையதும் சரி, அது தரைத்தளத்திலேயே இருக்கட்டும். வீட்டு உரிமையாளரிடம் கேட்டுப் படிக்கட்டின் அடியிலோ மீட்டர் பெட்டிப் பக்கமோ இடம் வாங்கி, சைக்கிள் செயின் போட்டுப் பூட்டுங்கள். மேலே தார்ப்பாய் உறை போட்டு, ஒவ்வொரு முறையும் குழந்தையை வைப்பதற்கு முன் இருக்கையை உதறுங்கள். பெல்ட்டை ஒரு தடவை இழுத்தும் பாருங்கள்; கீழே வைக்கும் வண்டிகளில் எலி முதலில் கடிப்பது பால் வாடை வீசும் அந்தப் பட்டைகளைத்தான். குழந்தை உள்ளே இருக்க, ஆளுக்கொரு பக்கம் பிடித்து வண்டியைப் படியில் இறக்குவது மட்டும் எந்த நாளும் வேண்டாம். ஒருவர் கால் தவறினால் மூவருக்கும் அடி.

மாடியிலிருந்து கீழே வருவதற்குக் குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் துணிக் கேரியர் வாங்கிக்கொள்ளுங்கள். டாக்டர் அனுமதித்த பிறகு அதைப் பழகலாம். குழந்தையின் முகம் எப்போதும் உங்களுக்குத் தெரிய வேண்டும், நெற்றி முத்தமிடும் தூரத்தில் இருக்க வேண்டும், மோவாய் நெஞ்சில் படியக் கூடாது. முழங்கால்கள் இடுப்பைவிடச் சற்று உயர்ந்து, தொடைகள் விரிந்து, தவளைபோல் அமர வேண்டும். அப்போது உங்கள் ஒரு கை கைப்பிடிச் சுவருக்கு, இன்னொரு கை மகளுக்கு.

இந்த இடத்தில் உங்கள் மாமியாரின் பேச்சுக்கு என் மரியாதையைச் சொல்ல வேண்டும். அவர் சொல்வதில் நல்ல மருத்துவம் இருக்கிறது. இடுப்பில் உட்காரும் குழந்தையின் கால்கள் அகல விரிந்து இடுப்பு மூட்டின் பந்து கிண்ணத்துக்குள் சரியாகப் பொருந்துகிறது. பிள்ளையைக் கால் விரித்துச் சுமக்கும் பழக்கமுள்ள சமூகங்களில் இடுப்பு மூட்டு விலகல் குறைவாக இருப்பதாக மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். தலை நின்ற பிறகு, வீட்டுக்குள் தாராளமாக அப்படித் தூக்கட்டும். ஆனால் மூட்டுவலி உள்ளவர் பேரக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படி இறங்கக் கூடாது. அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தால் நல்ல நடைப்பயிற்சிதான். களைத்துப்போய் அதன்மேல் சாய்ந்து ஊன்ற மட்டும் வேண்டாம் என்று அன்பாகச் சொல்லிவையுங்கள். அது கைத்தடிபோல் அவர் எடையைத் தாங்காது, உருண்டுவிடும்.

உங்கள் நாத்தனார் அனுப்புவதாகச் சொன்ன பிராம் அவர் ஊருக்கு அருமையான வண்டியாக இருந்திருக்கும். அங்கே அடுக்குமாடிகளில் லிஃப்ட் இருக்கிறது, 2017 ஏப்ரல் முதல் பேருந்தில்கூட ஸ்ட்ரோலரை மடிக்காமல் ஏற்றலாம். இங்கே அதன் எடையே உங்களுக்குப் பகையாகும். மனம் நோகாமல், "கொசுவலையும் மழை உறையும் மட்டும் அனுப்புங்கள் அண்ணி, எங்களுக்குப் பேருதவியாக இருக்கும்" என்று சொல்லலாம்.

பரண்மேல் உள்ள வண்டியைக் கணவரை விட்டு இறக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஸ்டூல்மேல் ஏற வேண்டாம். பிரேக் போட்டுவிட்டுச் சாய்வான தரையில் தள்ளிப் பாருங்கள். இரு பின் சக்கரங்களும் அசையாமல் நிற்க வேண்டும். பெல்ட் கொக்கிகள் இழுத்தால் கழலக் கூடாது. பிளாஸ்டிக் மூட்டுகளில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது விரிசலின் தொடக்கம், அதோடு விட்டுவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்து, முதுகு முழுதாகப் படுக்காத வண்டி என்றால், சின்னக் குழந்தை தானாக உட்காரத் தொடங்கிய பிறகு அதையே பயன்படுத்தலாம். புது வண்டியே தேவைப்படாமல் போகலாம். பெரும்பாலான எளிய வண்டிகள் 15 கிலோ வரைதான் தாங்கும் என்பதால் மகளை அதில் ஏற்றுவதற்கு முன் சட்டத்தில் ஒட்டிய சீட்டைப் படித்துப் பாருங்கள்.

வண்டியின் மடிப்பு மூட்டுகளையும் கவனியுங்கள். 2009இல் அமெரிக்காவில் சுமார் பத்து லட்சம் மடக்கு வண்டிகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. விரிக்கும்போது மூட்டில் விரல் சிக்கி 12 குழந்தைகளுக்கு விரல்நுனி துண்டானது. உங்கள் வீட்டில் எதையும் தொட்டுப் பார்க்கும் வயதில் ஒரு மகள் இருக்கிறாள். மூட்டுக்கு உறை உள்ள வண்டியாகப் பாருங்கள். விரிக்கும்போதும் மடக்கும்போதும் அவள் இரு கையையும் தன் தலைமேல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு விளையாட்டாகப் பழக்கிவிடுங்கள்.

பாப்பாவுக்கு மட்டும் வண்டியா என்று அவள் அடம்பிடிக்கத்தான் செய்வாள். பிரேக்கை எடுக்கும் பொறுப்பையோ தண்ணீர் பாட்டிலைக் கூடையில் வைக்கும் வேலையையோ அவளுக்குக் கொடுங்கள். வண்டியின் பின்னால் மாட்டி, மூத்த குழந்தை நின்றுகொண்டு வரும் பலகைகள் கிடைக்கின்றன. பொதுவாக 20 கிலோ வரை தாங்கும். நல்ல தளமுள்ள பூங்காவில் அது சுகம். குடை மடிப்பு வண்டிகள் பலவற்றில் அது பொருந்தாது, மேடு பள்ளத் தெருவுக்கும் ஆகாது.

வண்டி வாங்கப் போனால் நடைவண்டி என்று சக்கரம் வைத்த வட்ட வாக்கரை இலவசமாகத் தருவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். படிக்கட்டு உள்ள வீட்டில் அது ஆபத்து. நடையையும் அது சீக்கிரம் கொண்டுவராது. கனடா 2004இலேயே அதன் விற்பனையைத் தடைசெய்துவிட்டது.

கணவரிடமும் ஒரு வார்த்தை. வண்டியில் இடமில்லை என்று மகளை ஸ்கூட்டரின் முன்னால் நிற்கவைத்து அழைத்துப்போகும் வழக்கம் பல வீடுகளில் தொடங்குவது இந்தக் காலத்தில்தான். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை இருசக்கர வாகனத்தில் ஏற்றினால், ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் குழந்தைக்கேற்ற ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள விதி.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆறாவது வாரம் டாக்டரைப் பார்க்கும்போது, "படியில் எவ்வளவு எடை தூக்கலாம், பெரியவளைத் தூக்கலாமா?" என்று தனியாகக் கேளுங்கள். நீங்களாகக் கேட்டால்தான் இந்தப் பேச்சு வரும். அதற்குள் மகள் "தூக்கு" என்று கை நீட்டினால், நீங்கள் தரையிலோ நாற்காலியிலோ உட்கார்ந்துகொண்டு அவளை மடியில் ஏறிக்கொள்ளச் சொல்லுங்கள்.